பழைய வீடும் விறகுக் கணப்படுப்பும்: ஒரு தெரிவின் பௌதிக, சமூக அடிப்படைகள்

வெப்பவலயத்தில் வாழும் நமக்கு அடுப்பு என்பது உணவாக்கும் கருவி. அதிலிருந்து வெளிப்படும் வெப்பம் சமைப்பவரின் துன்பமேயன்றி வீட்டாரின் தேவையன்று. குளிர்நாடுகளிலோ வீட்டினுள் நெருப்பு இடம்பெற்றதற்கு உடலைக் காத்தலும் சமையலும் ஒருங்கே காரணங்களாயின. பின்னர் அவை இரண்டும் வெவ்வேறு அறைகளுக்கு உரியனவாகப் பிரிந்தன. 1983ஆம் ஆண்டின் பின்னர் பிரித்தானியாவிற் குடியேறிய ஈழத்தமிழர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட செங்கல் வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர். 2022இல் எரிவாயுவின் விலை பெருமளவு உயர்ந்தபோது, இத்தகைய வீடுகளின் சுவரில் அடைபட்டுக் கிடக்கும் பழைய தீக்கூடுகளைத் திறந்து விறகடுப்பு வைக்கலாமா என்ற வினா அந்நாட்டில் மீண்டும் எழுந்தது. வைப்பதாயின் எத்தகைய அடுப்பு, எவ்வளவு பெரிய அடுப்பு என்பன அடுத்த வினாக்கள்.

இவ்வினாக்களுக்குக் கடையிற் காட்சிக்கு வைக்கப்பட்ட அடுப்பின் முன் நின்று விடைகாண முயல்வோர் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய அடுப்பையே வாங்குகின்றனர். தெரிவு தொடங்க வேண்டிய இடம் வீட்டின் சுவரும் புகைக்கூடுமே என்பதும், அத்தெரிவு ஒரு வீட்டின் எல்லைக்குள் முடிந்துவிடுவதன்று என்பதும் இக்கட்டுரையில் வற்புறுத்தப்படுவன. திறந்த தீயினைக் கணப்பு என்றும், கதவிட்டு மூடப்பட்ட அடுப்பினைக் கணப்படுப்பு என்றும் ஈண்டு வேறுபடுத்தி வழங்குவோம்.

சுவரினுள் உறைந்த வரலாறு

இங்கிலாந்திலுள்ள வீடுகளில் ஏறத்தாழ ஐந்திலொன்று 1919ஆம் ஆண்டுக்கு முன்னர் கட்டப்பட்டவை. அவற்றின் அறைகள் பலவற்றிலும் தனித்தனித் தீக்கூடு இருந்தது. தீக்கூடு வசதியின் சின்னம் மட்டுமன்று; வரியிறுக்கும் பொருளாகவும் இருந்திருக்கின்றது. இரண்டாம் சாள்சு மன்னனின் ஆட்சியில், 1662இல், வீட்டிலுள்ள ஒவ்வோர் அடுப்பிற்கும் ஆண்டுக்கு இரண்டு சிலிங் வீதம் இரு தவணைகளில் வரி விதிக்கப்பட்டது. மிக வறியோர்க்கு விலக்களிக்கப்பட்டது. வரி தண்டுவோர் வீட்டினுள்ளே புகுந்து அடுப்புகளை எண்ணும் அதிகாரம் பெற்றிருந்தமையால் மக்கள் இவ்வரியைப் பெரிதும் வெறுத்தனர். 1689இல் அது ஒழிக்கப்பட்டது. எஞ்சிய வரிப்பதிவேடுகளைக் கொண்டு அக்காலச் செல்வப் பங்கீட்டினை வரலாற்றாசிரியர் இன்று ஆராய்கின்றனர். ஒரு வீட்டில் எத்தனை அடுப்பு என்பது அவ்வீட்டார் எந்த வர்க்கத்தினர் என்பதைக் கூறிவிடுகின்றது.

விறகின் இடத்தை நிலக்கரி பிடித்துக்கொண்டபோது தீக்கூட்டின் உருவமும் மாறியது. நிலக்கரிக்குச் சிறிய தீத்தட்டும் ஒடுங்கிய புகைவழியும் போதுமானவை. ஒன்பதங்குலச் சதுரமான, அல்லது ஒன்பதங்குலத்துக்குப் பதினான்கங்குலமான புகைவழிகள் சுவரினுள்ளே வளைந்து நெளிந்து கூரைக்கு ஏறின. இவ்வொடுங்கிய வழிகளிலே படிந்த கரியைச் சுரண்டுவதற்குச் சிறுவரே ஏற்றப்பட்டனர். இலண்டன் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொற் என்பார் 1775இல், புகைக்கூடு துப்புரவாக்குவோரிடையே காணப்பட்ட விதைப்பைப் புற்றுநோய்க்குக் கரியே காரணமென எடுத்துக்காட்டினார். தொழிலினால் விளையும் புற்றுநோய் பற்றிய முதல் மருத்துவ விளக்கம் இதுவென்பர். 1788 முதல் சட்டங்கள் பல இயற்றப்பட்டும் அவை ஏட்டளவில் நின்றன. துப்புரவாக்குவோர் பொலிசாரிடம் அனுமதி பெறவேண்டுமென 1875இல் விதிக்கப்பட்ட பின்னரே இக்கொடுமை முடிவுற்றது. கணப்பின் முன் அமர்ந்திருந்தோர் நுகர்ந்த இதத்திற்கு விலை கொடுத்தவர் யாரென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நமது மலையகத்திலும் இதற்கொரு கிளைக்கதை உண்டு. நுவரெலியாவிலும் அதைச் சூழ்ந்த உயர்ந்த தோட்டங்களிலும் ஆங்கிலத் துரைமார் தம் நாட்டு முறைப்படி கணப்பும் புகைக்கூடும் அமைந்த பங்களாக்களைக் கட்டிக்கொண்டனர். அதே குளிரில், அதே தோட்டத்திலே தொழிலாளர்க்குக் கட்டப்பட்ட லயன் காம்பிராக்களில் அடுப்பு இருந்தது. புகை வெளியேற வழி இருக்கவில்லை. ஒரே நெருப்பின் வெப்பமும் புகையும் வர்க்க அடிப்படையிற் பங்கிடப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் அது தனி ஆய்வுக்குரிய பொருள். நாம் பிரித்தானிய வீட்டிற்குத் திரும்புவோம்.

நிலக்கரிக் காலத்துப் புகைவழிகள் இன்றும் அச்சுவர்களுள் இருக்கின்றன. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, நூறாண்டுக்கு மேலாகச் சுண்ணாம்புச் சாந்தினை அரித்திருக்கின்றது. இரு புகைவழிகளுக்கிடையே உள்ள மெல்லிய செங்கற்றடுப்புகள் பல இடங்களில் இடிந்தோ துளைப்பட்டோ இருத்தல் கூடும். கீழறையில் மூட்டிய தீயின் புகை மேலே படுக்கையறைக்குள் கசிவதும், அடுத்த வீட்டாரின் சுவரினூடே புறப்படுவதும் இவ்வகை வீடுகளில் நிகழக்கூடியவை. ஆதலின் அடுப்பினைப் பற்றி எண்ணுமுன் புகைவழியைத் துப்புரவாக்கி, கீழே புகையெழுப்பி அது எங்கெங்கு கசிகின்றதெனச் சோதித்தல் வேண்டும்.

கசிவு இல்லையெனக் கண்டாலும் மற்றொரு சிக்கல் உளது. திறந்த கணப்பு மிகுதியான காற்றை இழுத்து மேலே செலுத்துவது. அதற்கு அகன்ற வழி பொருந்தும். மூடிய கணப்படுப்பின் புகையோ அளவிற் குறைந்தது. அது பழைய அகன்ற வழியிலே மெல்ல ஏறிக் குளிர்ந்து, தன்னகத்துள்ள நீராவியையும் எரியாத ஆவிகளையும் சுவரிலே படியவிடும். இப்படிவு கீல் போன்றது, எளிதிற் தீப்பற்றுவது. புகைக்கூட்டுத் தீ எனப்படும் விபத்துக்கு இதுவே விறகு. எனவேதான் பழைய வழியினுள் ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள துருவேறா உருக்குக் குழாயினை இறக்கி, சுற்றிலும் வெப்பங்காக்கும் பொருளினை நிரப்புகின்றனர். இக்குழாயின் செலவும் அதை இறக்குங் கூலியும் சேர்ந்து அடுப்பின் விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வருவதுண்டு. அடுப்பின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புவோர் இதனைப் பின்னரே அறிகின்றனர்.

வீடு இழக்கும் வெப்பம்

கணப்பின் குறைபாட்டினை முதலில் விஞ்ஞான நோக்கில் ஆராய்ந்தோருள் இருவர் அமெரிக்காவிற் பிறந்தவர். பெஞ்சமின் பிராங்கிளின் 1740களில் இரும்புத் தட்டுகளாலான கணப்பொன்றினை அமைத்தார். அதற்குத் தரப்படவிருந்த தனியுரிமையை, பிறரின் கண்டுபிடிப்புகளால் நாம் பயன்பெறுவதுபோல நமது கண்டுபிடிப்பும் பிறர்க்குப் பயன்படவேண்டுமென்று கூறி மறுத்துவிட்டார். மற்றையவரான றம்பேட் கோமகன் 1796இல் வெளியிட்ட கட்டுரையில், தீக்கூட்டின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகைவழியின் கழுத்தை ஒடுக்கினால் அறைக்குள் வரும் கதிர்வீசல் மிகும், வெளியேறும் காற்றுக் குறையும் என்று காட்டினார். சுவீடனிலே விறகுத் தட்டுப்பாடு காரணமாக அரசு வேண்டிக்கொண்டதற்கிணங்க 1767இல் குறொன்செட்டும் விறேடேயும் அமைத்த ஓட்டடுப்பு வேறொரு வழியைக் கண்டது. புகை நேரே மேலேறாது செங்கல் வழிகளில் ஏறியும் இறங்கியும் சென்று தன் வெப்பத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டே வெளியேறும்.

இவர்கள் அனைவரும் கண்ட உண்மை ஒன்றே. திறந்த கணப்பு மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீற்றர் காற்றை அறையிலிருந்து உறிஞ்சி வெளியேற்றுகின்றது. அக்காற்றின் இடத்தைக் கதவிடுக்கினூடும் தளத்தின் பலகையிடுக்கினூடும் புகும் குளிர்காற்று நிரப்புகின்றது. முகம் சுட, முதுகு குளிர்கின்ற அனுபவத்தின் காரணம் இது. விறகின் வெப்பத்தில் ஐந்திலொரு பங்கு அறைக்குக் கிட்டினால் அதுவே நல்ல கணப்பு எனலாம். இக்காலத்து மூடிய கணப்படுப்போ முக்காற்பங்கு வரை தரவல்லது. அது உட்கொள்ளும் காற்று மணிக்குப் பதினைந்து, இருபது கன மீற்றர் அளவினது. ஆகவே கணப்புக்கும் கணப்படுப்புக்கும் இடையிலான தெரிவில் ஐயத்திற்கு இடமில்லை. கேள்வி அடுப்பின் பருமன் பற்றியதே.

ஓர் எடுத்துக்காட்டினைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாலரை மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் 2.7 மீற்றர் உயரமுங் கொண்ட முன்னறை. கன அளவு 48.6 கன மீற்றர். இரு சுவர்கள் வெளிப்புறத்தன. தனிக்கண்ணாடி யன்னல் 3 சதுர மீற்றர். அது நீங்கலாக வெளிச்சுவர் 20 சதுர மீற்றர். ஒன்பதங்குலத் திண்செங்கற் சுவரின் ஒரு சதுர மீற்றர், ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டிற்கு, ஏறத்தாழ 2.1 வாற்று கடத்துவதாகக் கொள்வது வழக்கம். தனிக்கண்ணாடிக்கு இது 4.8, கீழே காற்றோடும் பலகைத் தளத்திற்கு ஏறத்தாழ 0.7. வெளியே 0 பாகை செல்சியஸ், உள்ளே 20 பாகை என்க. சுவரினூடாக 840 வாற்று, யன்னலினூடாக 288 வாற்று, தளத்தினூடாக 252 வாற்று இழக்கப்படும். மேன்மாடியும் வெப்பமாக இருப்பதாகக் கொண்டு மேற்றளத்தின் வழியான இழப்பை விட்டுவிடலாம். இடுக்குகளின் வழியே அறையின் காற்று மணிக்கு ஒன்றரைத் தடவை மாறுமாயின் அதனால் ஏற்படும் இழப்பு 481 வாற்று. அனைத்தையுங் கூட்டினால் 1,861 வாற்று. இரண்டு கிலோவாற்றுக்கும் குறைவு.

விற்பனையாளர் கையாளும் சுருக்க வாய்ப்பாடு அறையின் கன அளவை 14ஆல் வகுப்பதாகும். ஒழுகும் பழைய வீடாயின் 10ஆல் வகுப்பர். நமது அறைக்கு முதல் முறைப்படி 3.5 கிலோவாற்றும் இரண்டாம் முறைப்படி 4.9 கிலோவாற்றும் வரும். பகல் முழுவதும் குளிர்ந்து கிடந்த தடித்த சுவரை மாலையில் விரைந்து சூடேற்றவேண்டியிருப்பதால் இம்மேலதிகம் நியாயமானதே. நான்கு அல்லது ஐந்து கிலோவாற்று அடுப்பு இவ்வறைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் "பழைய வீடல்லவா, பெரிதாகவே இருக்கட்டும்" என்று எட்டுக் கிலோவாற்று அடுப்பை வாங்குவோர் பலர். பெரிய அடுப்பைச் சிறிதாக எரித்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. மண்ணெண்ணெய் அடுப்பிற்கு இது பொருந்தும், விறகிற்குப் பொருந்தாது. ஏன் என்பதை அறிய விறகு எரியும் முறையைச் சற்று நுணுகி நோக்கவேண்டும்.

விறகு எரியும் முறை

விறகு முதலிற் தன் நீரை இழக்கின்றது. பின்னர் வெப்பநிலை 200, 300 பாகையைக் கடக்கும்போது மரம் சிதைந்து ஆவிகளை விடுகின்றது. காய்ந்த விறகின் நிறையில் ஏறத்தாழ முக்காற்பங்கு இவ்வாறு ஆவியாகிவிடுவது. அதன் வெப்பத்திற் பாதிக்கு மேற்பட்டதும் இவ்வாவிகளிலேயே உள்ளது. எஞ்சிய கரியே இறுதியிற் தணலாக எரிகின்றது. கண்ணுக்குத் தெரியும் சுவாலை உண்மையில் விறகு எரிவதன்று. விறகிலிருந்து பிரிந்த ஆவி எரிவதாகும். அவ்வாவி முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை வெப்பநிலையும், போதிய ஒட்சிசனும், இரண்டும் கலப்பதற்குச் சிறிது நேரமும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆவி எரியாது புகையாகி வெளியேறும். புகை என்பது வீணாகிய எரிபொருள்.

இக்காலக் கணப்படுப்பின் அமைப்பு முழுவதும் இத்தேவையைச் சுற்றியே எழுந்தது. கீழிருந்து வரும் முதற்காற்று தீயை மூட்டவும் தணலை எரிக்கவும் உதவும். அடுப்பின் உடலினூடே சென்று சூடேறி மேற்புறத்துச் சிறு துளைகளாற் புகும் இரண்டாங் காற்று, ஆவியைச் சுவாலையாக்கும். மேலே உள்ள தடுப்புத்தட்டும் உட்புறத்துத் தீக்கற்களும் வெப்பத்தை அறைக்கு விடுமுன் தீயிடமே திருப்பிக் கொடுக்கும். கண்ணாடிக் கதவின் உட்பக்கமாக மேலிருந்து கீழே வழியும் காற்று கரி படியாது காக்கும். கண்ணாடி ஓயாது கறுக்குமானால் தீ நலமாக இல்லை என்பது பொருள். அதனைத் துடைத்துக்கொண்டிருப்பதைவிட விறகையும் காற்றையும் கவனிப்பது நன்று.

பெரிய அடுப்பை வாங்கி, அறை தாங்காத சூட்டினாற் காற்று வாயிலை மூடித் தணிப்பவர் இவ்வமைப்பு முழுவதையும் முடக்கிவிடுகின்றார். ஒட்சிசன் குறைகின்றது, வெப்பநிலை 600 பாகைக்குக் கீழே விழுகின்றது, விறகு மட்டும் தொடர்ந்து ஆவியை விட்டுக்கொண்டேயிருக்கின்றது. எரியாத அவ்வாவியின் ஒரு பகுதி கீலாகக் குழாயிற் படிகின்றது. எஞ்சியது தெருவிற் பரவுகின்றது. இரவிற் படுக்கச் செல்லுமுன் அடுப்பை நிறைத்துக் காற்றை அடைத்துவிட்டு விடியும்வரை கனியவிடும் பழைய வழக்கமும் இதனையே செய்வது. எட்டுக் கிலோவாற்று அடுப்பினை இரண்டு கிலோவாற்றுக்கு எரிக்கும் வீட்டினின்றும் வரும் புகை, சிறிய அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிக்கும் வீட்டினதைவிடப் பன்மடங்கு தீயது. சிறிய அடுப்பு, உலர்ந்த விறகு, உயிருள்ள சுவாலை ஆகிய இவை ஒன்றையொன்று சார்ந்தவை.

உலர்வு பற்றியும் ஒரு சொல். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். அத்தகைய விறகு கிலோவுக்கு இரண்டு கிலோவாற்று மணியளவே பயன்தரும். 20 சதவீத ஈரப்பதனுக்கு உலர்ந்த விறகு நான்கு தரும். நீரை ஆவியாக்குவதற்குச் செலவாகும் மறைவெப்பம் பெரிதன்று. பச்சை விறகின் பெருந்தீங்கு அது தீயினைக் குளிர்வித்துவிடுவதிலேயே உள்ளது. ஓக்கு போன்ற வன்மரமே சிறந்ததென்றும் பைன் மரம் உதவாதென்றும் கூறுவதுண்டு. நிறைக்கு நிறை பார்த்தால் மரங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு சொற்பம். வன்மரம் சிறிய இடத்திற் கூடிய நிறை கொள்வதும் நெடுநேரம் தணலாக நிற்பதுமே உண்மையான வேறுபாடு. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், இரண்டு கன மீற்றருக்குக் குறைந்த அளவில் விற்கப்படும் விறகு 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதன் உடையதாயிருத்தல் ஆகாதென விதிக்கப்பட்டிருக்கின்றது.

அடுப்பின் பொருள் பற்றி விளம்பரங்கள் மிகுதியாகப் பேசுகின்றன. வார்ப்பிரும்பு மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். உருக்குத் தகடு விரைந்து சூடேறும். மாக்கல் போர்த்த அடுப்புகள் தீயணைந்த பின்னும் சில மணிநேரம் வெப்பம் தருவன. மாலையில் மட்டும் அறையைப் பயன்படுத்துவோர்க்கு உருக்கும், நாள் முழுவதும் வீட்டிலிருப்போர்க்குக் கனத்த அடுப்பும் பொருந்தலாம். சுவீடன் முறையிலான பெருங் கல்லடுப்பு அறிவியல் நோக்கில் யாவற்றிலுஞ் சிறந்தது. நாளுக்கு ஓரிரு தடவை வேகமாக எரித்துவிட்டு வெப்பத்தைக் கல்லிற் சேமிக்கலாம். ஆனால் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட அதன் நிறையை விக்டோரியா காலத்து மரத்தளம் தாங்காது.

காற்று பற்றிய முரண்பாடொன்றும் பழைய வீட்டிற்கே உரியது. முன் கூறிய கணக்கில் இடுக்குகளை அடைத்துக் காற்று மாற்றத்தைப் பாதியாக்கினால் 240 வாற்று மிச்சமாகும். செலவு மிகக் குறைந்த திருத்தம் இதுவே. எனினும் அடுப்பும் அவ்விடுக்குகளின் வழியே வரும் காற்றைத்தான் உண்கின்றது. ஐந்து கிலோவாற்றுக்கு மேற்பட்ட அடுப்பிற்கு, மேலதிகமான ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் 550 சதுர மில்லிமீற்றர் வீதம் நிரந்தரத் திறப்பு வேண்டுமென இங்கிலாந்தின் கட்டட விதிகள் கூறுகின்றன. பெரிய அடுப்பை வாங்கியவர் சுவரிலே துளையிட்டுக் குளிரை வரவேற்க நேரும் என்பது இதன் பொருள். சமையலறையின் காற்றிழுக்கும் விசிறி புகையைத் திருப்பி இழுக்கவும் கூடும். நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு உறக்கத்திலேயே உயிரைப் போக்குவது. புதிதாக அமைக்கப்படும் அடுப்புள்ள அறையில் எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டுமென்பது 2010 முதல் அங்கு விதியாகும்.

பொதுவான வளி

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைமூட்டம் மூடிக்கொண்டது. காற்றசைவற்ற குளிரில் வீட்டுக் கணப்புகளினதும் ஆலைகளினதும் நிலக்கரிப் புகை நிலத்தோடு படிந்தது. அதனால் இறந்தோர் நாலாயிரம் என முதலிற் கணிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை இருக்கலாமெனக் கூறின. 1956ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை வகுக்க வழிசெய்தது. இலண்டனின் பெரும்பகுதி இன்றும் அத்தகைய பகுதியே. அங்கு வாழ்வோர் விறகெரிக்க விரும்பின், புகை குறைந்ததெனச் சோதித்து விலக்களிக்கப்பட்ட அடுப்பையே பயன்படுத்தலாம்.

விலக்களிக்கப்பட்டது என்ற சொல்லைத் தீங்கற்றது எனப் பொருள்கொள்வதற்கில்லை. 2022 சனவரி முதல் பிரித்தானியாவிற் சந்தைக்கு வரும் புதிய அடுப்புகள் நுண்துகள் வெளியேற்றத்திற் கடுமையான எல்லைகளுக்கு உட்பட்டவை. எனினும் அவ்வெல்லைகள் ஆய்வுகூடத்திலே, உலர்ந்த விறகோடு, பயிற்சி பெற்றோர் எரிக்கும்போது அளக்கப்படுவன. மிகச் சிறந்த விறகடுப்பும் எரிவாயுக் கொதிகலனைவிடப் பன்மடங்கு நுண்துகளை வெளியிடுவது. இரண்டரை மைக்குரோமீற்றருக்குக் குறைந்த இத்துகள்கள் நுரையீரலின் ஆழத்திற் புகுந்து குருதியோட்டத்தையும் அடைய வல்லன. பிரித்தானியாவின் மொத்த நுண்துகளில் வீட்டு விறகின் பங்கு 38 சதவீதம் என அரசாங்கம் முன்னர் கணித்திருந்தது. பின்னர் கணிப்பு முறை திருத்தப்பட்டு, 2020ஆம் ஆண்டுக்குரிய பங்கு 17 சதவீதம் என வெளியிடப்பட்டது. அடுப்பு விற்போர் இத்திருத்தத்தை வெற்றியாகக் கொண்டாடினர். ஆனால் 17 சதவீதமும் சிறுபான்மை வீடுகளிலிருந்து, குளிர்காலத்து மாலைப்பொழுதுகளில், மக்கள் செறிந்து வாழும் தெருக்களிலே வெளியிடப்படுவதாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அச்சிறுபான்மையினர் யார்? நகரங்களில் விறகெரிப்போருட் பெரும்பாலோர் வேறு வெப்பமூட்டும் வசதியும் உடையோரே. அவர்க்கு விறகு தேவையன்று, இன்பம். கிராமப்புறத்தில் எரிவாயுக் குழாய் எட்டாத கல்வீட்டில் வாழ்வோரின் நிலை வேறு. விறகு மலிவானதென்ற கூற்றையும் இவ்விடத்திற் சோதித்துப் பார்க்கலாம். நாளுக்கு ஐந்து மணிநேரம் நான்கு கிலோவாற்று வீதம் வெப்பம் பெற 20 கிலோவாற்று மணி வேண்டும். முக்காற்பங்கு வினைத்திறனுள்ள அடுப்பிற்கு அது ஏறத்தாழ 6.7 கிலோ உலர்ந்த விறகு. நூற்றைம்பது நாட்களுக்கு ஒரு தொன். அதனை அடுக்க இரண்டு கன மீற்றருக்கு மேல் இடம் வேண்டும். பச்சையாக வாங்கி வீட்டிலேயே உலர்த்துவதாயின், ஈராண்டு விறகிற்கு மழைபடாக் கொட்டில் வேண்டும். நிலமும் கொட்டிலும் உள்ளவர்க்கு விறகு மலிவு. தெருவோரத் தொடர்வீட்டில், வாடகைக்கு இருப்பவர்க்கு அது பைகளில் வாங்கும் விலையுயர்ந்த எரிபொருள். அதனால் தட்டுமுட்டு மரங்களையும் வர்ணம் பூசிய பலகைகளையும் எரிக்கத் தூண்டப்படுபவரும் அவரே. அத்தகைய பலகையின் புகையில் ஈயமும் ஆசனிக்கும் வரக்கூடும்.

இவற்றை எடைபோட்டு நோக்கின், எனது முடிவு இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. எரிவாயு எட்டாத, அயல்வீடு தள்ளியிருக்கின்ற, விறகை உலர்த்த இடமுள்ள பழைய வீட்டிற்குச் சிறிய கணப்படுப்பு தக்கது. இழப்பைக் கணக்கிட்டு, நான்கு ஐந்து கிலோவாற்றுக்கு மேற்படாத, இரண்டாங் காற்று அமைந்த புதிய அடுப்பினை, குழாயிட்ட புகைவழியோடு பொருத்தி, ஆண்டுக்கு ஒரு தடவையேனும் துப்புரவாக்குவித்தல் வேண்டும். நகரத்துத் தொடர்வீட்டிலோ வேறு வசதி இருக்கும்போது விறகடுப்பு வைப்பதை என்னால் ஆதரிக்க இயலவில்லை. அடுப்பிற்கும் குழாய்க்கும் செலவாகும் பணத்தைப் பலகைத் தளத்தின் அடியிலும் கூரையின் கீழும் வெப்பங்காப்பிடுவதற்கும் யன்னலைத் திருத்துவதற்கும் செலவிட்டால் வெப்பம் ஆண்டுதோறும் எரிபொருளின்றியே மிச்சமாகும். திண்சுவருக்கு உட்புறமாகக் காப்பிடுவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய சுவர் ஈரத்தை உட்கொண்டு வெளிவிடுவது, அதனைச் சீமெந்தாலும் பிளாத்திக்கு வர்ணத்தாலும் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தை உக்கச் செய்யும். பயன்படுத்தாத தீக்கூட்டிற்கும் இது பொருந்தும். அதனை முற்றாக அடைத்துவிடாது, கீழே சிறிய காற்றுத்துளை விட்டு, மேலே மழைநீர் புகாதவாறு காற்றோட்டமுள்ள மூடியிடுதல் வேண்டும்; அன்றேல் ஈரம் பழைய கரியோடு கலந்து சுவரிலே கபிலநிறக் கறையாக வெளிப்படும்.